ரைட் கியர் புல்லட்டை லெஃப்ட் கியராக மாற்றலாமா, அப்படியே பழகிக்கொள்ளலாமா?

மண்பாதை:
வணக்கம். காஸ்ட் அயர்ன் எஞ்சின், நாலு கியர், வலது காலில் கியர் போடும் புல்லட் 350 ஒன்று வாங்கும் யோசனை. வீட்டில் இருக்கும் இன்னொரு வண்டி லெஃப்ட் கியர். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருக்கும். அவசரத்தில் கால் குழம்பினால் வண்டி என்ன செய்யும்? கன்வர்ஷன் கிட் போட்டு லெஃப்டுக்கு மாற்றினால் கியர் விழுவது கெடுமா? பார்த்த வண்டியில் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே சில நேரம் கியர் நிற்காமல் எஞ்சின் கத்துகிறது. அது ரைட் கியரோடு பிறந்த குணமா, ரிப்பேரா? "பழகிடும்", "பழகாது" என்ற ஒருவரிப் பதில்கள் நிறையக் கிடைத்துவிட்டன. காரணத்தோடு சொன்னால் நல்லது.

இரும்பு350:
எந்தக் கால் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். எந்தத் திசை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ரைட் கியர் புல்லட்டில் விரலால் மேலே தூக்கினால் ஒன்று. அங்கிருந்து கீழே மிதிக்க மிதிக்க இரண்டு, மூன்று, நாலு. நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். இன்றைய லெஃப்ட் கியர் வண்டிகளில் பெரும்பாலானவை நேர் எதிர்: கீழே ஒன்று, மற்றதெல்லாம் மேலே. ஆகக் காலும் மாறுகிறது, திசையும் மாறுகிறது. இனி நாலு தவறுகளையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

லெஃப்ட் கியர் பழக்கத்தோடு புல்லட்டில் ஏறுகிறீர்கள். பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினால் மேல் கியர் விழும், அல்லது விழப் பார்க்கும். வண்டி வழுக்காது, ஆனால் நிற்கவும் நிற்காது. பின் பிரேக் இல்லை, எஞ்சின் பிரேக்கிங்கும் குறைந்துபோகும். கியர் குறைக்கலாம் என்று இடது காலை அழுத்தினால் பின் பிரேக் பிடிக்கும். வளைவுக்கு முன்னால் இது ஒரு குலுக்கு குலுக்கும்.

இதையே திருப்பிப் போடுங்கள்: புல்லட் பழக்கத்தோடு லெஃப்ட் கியர் வண்டியில் ஏறுகிறீர்கள். பிரேக் என்று இடது காலை அழுத்தினால் கியர் ஒன்று குறையும். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும், கிளட்ச் பிடித்திருக்க மாட்டீர்கள். ஈர ரோட்டில் பின் சக்கரம் இழுபடும். அடுத்ததுதான் மோசம். மேல் கியர் போட கிளட்சைப் பிடித்துக்கொண்டு வலது காலை அழுத்துவீர்கள். அங்கே இருப்பது பின் பிரேக். கிளட்ச் பிடித்திருப்பதால் சக்கரத்தைச் சுழல வைக்க எஞ்சினும் துணைக்கு இல்லை, சட்டென்று லாக் ஆகும். பின்னால் வருபவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

எனவே புல்லட்டில் ஏறும்போது மட்டும் கவனமாக இருந்தால் போதாது. புல்லட்டை விட்டு இறங்கி அடுத்த வண்டியில் ஏறும் நேரம் அதைவிட ஆபத்தானது.

சங்கிலிச்சத்தம்:
இரும்பு அண்ணன் சொன்ன கணக்கு "கீழே ஒன்று" வண்டிக்குச் சரி. ஸ்ப்ளெண்டர் மாதிரி முன்பக்கம் மிதிக்க மிதிக்க ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஏறுகிற வண்டியா இருந்தா, இடது காலைத் தப்பா மிதிச்சா கியர் கூடும். சக்கரம் லாக் ஆகாது. பழைய யெஸ்டி, ஜாவா இன்னொரு ரகம். கிக்கரும் கியர் லீவரும் ஒண்ணேதான். லீவரை மிதிச்சு வெச்சிருக்கிற வரைக்கும் கிளட்ச் தானா விடுபட்டிருக்கும். பதட்டத்துல மிதிச்சுக்கிட்டே இருந்தா வண்டி ஃப்ரீயா உருளும், அவ்ளோதான்.

அதனால, தம்பி, உங்க ரெண்டாவது வண்டி என்ன பேட்டர்ன்னு முதல்ல சொல்லுங்க.

மண்பாதை:
கீழே ஒன்று, மேலே நாலு. ஹீல்-டோ லீவர்.

சங்கிலிச்சத்தம்:
அப்போ இரும்பு அண்ணன் சொன்ன நாலு தப்பும் உங்களுக்கு அப்படியே பொருந்தும். ஹீல்-டோ லீவர்ல குதிகாலால மிதிச்சு மேல் கியர் போடுற பழக்கம் இருந்தா, அந்த அசைவு வலது கால்ல வந்தா புல்லட்டோட நியூட்ரல் ஃபைண்டர்ல போய் விழும். அதைப் பத்தி யாராவது விரிவா எழுதுங்க.

பழையபிஸ்டன்:
நியூட்ரல் ஃபைண்டரைப் பற்றி நான் எழுதுகிறேன். அதற்கு முன், வலப்பக்கம் ஏன் வந்தது என்று ஒரு பத்தி. கன்வர்ஷன் பேச்சுக்கு அது தேவைப்படும்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின் இடப்பக்கம். பின் சக்கரச் செயினும் அதே பக்கம். கியர்பாக்ஸின் இடது முனையைக் கிளட்சும் ஸ்ப்ராக்கெட்டும் அடைத்துக்கொள்வதால் திறந்திருப்பது வலது முனைதான். கியர் மாற்றும் பாகங்களை அந்த முனையில் ஒரு கவருக்குள் வைத்து, லீவரை நேராக அதன் மேலேயே மாட்டினார்கள். இடையில் கம்பி இல்லை, இணைப்பு இல்லை. ஒரு மிதிக்கு ஒரு கியர் மட்டும் விழுந்து, லீவர் நடு இடத்துக்குத் திரும்பிவிடும் 'பாசிட்டிவ் ஸ்டாப்' முறையை 1920-களின் இறுதியில் வெலோசெட் கம்பெனியில் ஹரோல்ட் வில்லிஸ் உருவாக்கினார். அதுவரை டேங்க் ஓரத்தில் கையால் தள்ளும் லீவர்தான் பரவலாக இருந்தது.

இடப்பக்கத்தை உலகம் முழுக்க நிலைநாட்டியது அமெரிக்கச் சட்டம். 1974 செப்டம்பர் 1 முதல் தயாராகி அங்கே விற்பனைக்கு வரும் பைக்குகளில் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில் இருக்க வேண்டும் என்று ஆனது. ஜப்பானிய வண்டிகளுக்கு இதில் பெரிய சிரமம் இல்லை, அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே அப்படித்தான் இருந்தன. பிரிட்டிஷ் கம்பெனிகள்தான் பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொண்டே வலமிருந்து இடத்துக்கு ஒரு குறுக்கு ஷாஃப்ட் ஓட்டிச் சமாளித்தன. 1975-ன் நார்ட்டன் கமாண்டோ 850 மார்க் 3, டிரையம்ஃப் டிரைடென்ட் டி160 இரண்டும் அப்படி வந்தவை. ஹார்லி ஸ்போர்ட்ஸ்டரும் 1975, 76-ல் வெளியே கம்பி இணைப்போடு வந்து, 1977-ல்தான் கேஸிங்கையே மாற்றிச் சரிசெய்தது. புல்லட்டையும் அமெரிக்காவுக்கு அனுப்பும்போது நாலு கியர் பாக்ஸில் குறுக்கு ஷாஃப்ட் போட்டு அனுப்பினார்கள். கம்பெனியே செய்த அந்த வேலையில்கூட லீவரில் ஆட்டம் அதிகம் என்ற பெயர்தான் நிலைத்தது.

இனி நியூட்ரல் ஃபைண்டர். கியர் லீவருக்குப் பின்னால், அதே இடத்திலிருந்து கிளம்பும் குட்டி லீவர் அது. கிளட்சை முழுசாகப் பிடித்து, குதிகாலால் கடைசி வரை அழுத்தினால் இரண்டு, மூன்று, நாலு எதில் இருந்தாலும் நேரே நியூட்ரல். ஒன்றாவதிலிருந்து வேலை செய்யாது. முதல் கியரில் நின்றுவிட்டால் லீவரை அரை மிதி மிதித்துத்தான் நியூட்ரல் எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுக்குப் போய் ஃபைண்டரை அழுத்த வேண்டும். அதனால் பழைய கைகள் சிக்னலுக்கு வரும்போது ஒன்றுக்கு இறங்குவதே இல்லை. இரண்டிலோ மூன்றிலோ வேகத்தைக் குறைத்து, நிற்கும் நேரத்தில் ஃபைண்டரை அழுத்தி, கிளட்சை விட்டுவிடுவார்கள்.

ஓடும் வேகத்தில் அதைத் தொடவே கூடாது. நாலாவதில் 60 கி.மீ. வேகத்தில் குதிகால் பட்டு நியூட்ரல் விழுந்தது என்று வையுங்கள். அங்கிருந்து லீவரை ஒரு மிதி மிதித்தால் விழுவது இரண்டாவது. கிளட்சை அப்படியே விட்டால் எஞ்சின் அலறி, பின் சக்கரம் துள்ளும். அப்படி ஆகிவிட்டால் கிளட்சை விடாமல் பிடித்தபடி இரண்டு, மூன்று, நாலு என்று மிதித்து மேலே போய், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, பிறகு கிளட்சை விட வேண்டும்.

கிக்கர்_வலி:
லெஃப்ட் பக்கம் மாத்துறதுல என்ன பெரிய கஷ்டம்? கிட் கிடைக்குது, ஒரு நாள் வேலை. பழகுறேன்னு வீட்ல ரெண்டு வண்டியிலயும் தடுமாறுறதுக்கு மாத்திட்டுப் போயிடலாமே. பாதுகாப்பு முக்கியம் இல்லையா?

லேத்துப்பட்டறை:
பாதுகாப்புக்காக மாற்றுவது நியாயமான காரணம்தான். மாற்றியபின் என்னென்ன கூடுகிறது என்று தெரிந்து மாற்றுங்கள்.

முதலில் திசை. வலப்பக்கக் கியர் ஷாஃப்டை நேராகக் குறுக்கே நீட்டி இடப்பக்கம் லீவர் மாட்டினால் பேட்டர்ன் மாறாது. "மேலே ஒன்று, கீழே மூன்று" அப்படியே வரும். அப்போது கையில் இருப்பது இடது காலில் இயங்கும், ஆனால் வீட்டில் உள்ள இன்னொரு வண்டிக்கு எதிர்த் திசையில் கியர் விழும் வண்டி. மண்பாதைக்கு அதனால் பயன் குறைவு. திசையையும் திருப்ப வேண்டுமென்றால் குறுக்கு ஷாஃப்டின் வலது முனையில் ஒரு ஆர்ம், கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஒரு ஆர்ம், நடுவே ஒரு கம்பி. இரண்டு ஆர்மும் ஒரே பக்கம் பார்த்தால், அதாவது இரண்டும் மேல் நோக்கியோ இரண்டும் கீழ் நோக்கியோ இருந்தால், திசை மாறாது. ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் திசை திரும்பிவிடும். கிட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இது.

இரண்டாவது ஆட்டம். ஆர்ம் நீளம் 40 மி.மீ., கால் லீவர் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் இரு முனையிலும் பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே அரை அரை மி.மீ. தேய்மானம் இருந்தால் மொத்தம் 1 மி.மீ. அது விரல் நுனியில் 150-ஐ 40-ஆல் வகுத்த அளவு, கிட்டத்தட்ட 4 மி.மீ. வெற்று ஆட்டமாகத் தெரியும். புஷ் (ஷாஃப்ட் சுழலும் உள்வளையம்) தேய்மானத்தையும் ஸ்பிளைன் (ஷாஃப்டின் மேல் வெட்டிய பற்கள்) தளர்ச்சியையும் கூட்டினால் பாதி மிதி காற்றில் போய்விடும். கியர் முழுசாக விழாமல் பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுதான். பாதியில் நின்ற கியர் லோடு வந்ததும் வெளியே குதிக்கும், டாக் பல்லின் (கியர்கள் ஒன்றையொன்று கவ்வும் பக்கப் பல்) ஓரம் உருளும். ஓரம் உருண்ட பல் அதன்பின் எந்த லீவர் போட்டாலும் குதிக்கும்.

எனவே பின்னும் ஓட்டையும் உள்ள கிட்டை விட்டுவிட்டு, பால் ஜாயின்ட் உள்ளதாகப் பாருங்கள். கம்பியின் ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை, இரண்டுக்கும் லாக் நட். கம்பியைத் திருகினாலே நீளம் மாறும், எதையும் கழற்ற வேண்டாம். லீவர் நடு நிலையில் இருக்கும்போது கம்பிக்கும் இரு ஆர்முக்கும் நடுவே 90 டிகிரி இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் மேலே தூக்கும்போது ஒரு அளவும் கீழே மிதிக்கும்போது இன்னொரு அளவும் நகரும். கியர் கூட்டும்போது நன்றாக விழுந்து, குறைக்கும்போது மட்டும் மக்கர் பண்ணும் வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான். குறுக்கு ஷாஃப்ட் ஓடும் குழாயின் இரு முனையிலும் கன்மெட்டல் புஷ், நடுவில் கிரீஸ் நிப்பிள். புஷ் இல்லாமல் இரும்பில் இரும்பு ஓடும் கிட்டை வாங்கவே வேண்டாம்.

கியர்பாக்ஸ் பக்கத்து ஆர்மை நீளமாக்கினால் மிதி இலகுவாகும், ஆனால் லீவர் அதிக தூரம் போக வேண்டும். சுருக்கினால் நேர்மாறு. ஒன்றுக்கு ஒன்று வைத்துத் தொடங்குவது நல்லது.

இரும்பு350:
லேத்து சார் பிரேக் பக்கத்தைத் தொடவில்லை. கியரைவிட அதுதான் எனக்குக் கவலை. புல்லட்டில் பின் டிரம் இடப்பக்கம். ரைட் கியர் வண்டியில் பெடலும் இடப்பக்கம் என்பதால் ஒரே கம்பி நேராகப் போகிறது. கியரை இடத்துக்குக் கொண்டுவந்தால் பிரேக் வலத்துக்குப் போயாக வேண்டும். அதற்கும் ஒரு குறுக்கு ஷாஃப்ட்.

லேத்துப்பட்டறை:
ஆமாம், அதைத் தனியாக எழுதலாம் என்று விட்டேன்.

பிரேக் ஷாஃப்டில் பிரச்சினை முறுக்கம். கியர் ஷாஃப்டில் வரும் விசை குறைவு. பிரேக்கில் உடல் எடையே போய் விழுகிறது. மெல்லிய ஷாஃப்ட் முறுகும், பெடல் பஞ்சு மாதிரி இறங்கும், டிரம்மில் அழுத்தம் வராது. முறுகாமல் நிற்கும் விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். 12 மி.மீ. ஷாஃப்டுக்குப் பதில் 16 மி.மீ. போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. ஆர்ம்களை ஷாஃப்டில் வெறும் காட்டர் பின் (ஆப்பு முளை) போட்டுப் பிடிக்கும் கிட்டுகளும் உண்டு. ஸ்பிளைன் உள்ளதே மேல். வெல்டு செய்வதானால் ஷாஃப்டைச் சுற்றி முழு வளையமாக, புஷ்ஷைக் கழற்றிவிட்டு.

டிரம்முக்குள் ஷூவை விரிக்கும் கேம் லீவர், பெடலை முழுசாக அழுத்திய நிலையில் கம்பியோடு 90 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக நிற்க வேண்டும். 90-ஐத் தாண்டிவிட்டால் மிதிக்க மிதிக்க இழுவை குறையும். தாண்டியிருந்தால் லைனிங் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லைனிங் நன்றாக இருந்தால் கேம் லீவரை ஒரு பல் பின்னால் எடுத்து மாட்டலாம்.

பிரேக் லைட் ஸ்விட்சை மறந்துவிடுகிறார்கள். பெடல் வலப்பக்கம் வந்தபின் ஸ்விட்சும் ஸ்பிரிங்கும் அங்கே வர வேண்டும். பெடலின் வெற்று ஆட்டம் முடிந்து லைனிங் தொடுவதற்குச் சற்று முன் லைட் எரிய வேண்டும்.

நியூட்ரல் ஃபைண்டர் லீவர் வலப்பக்கமே இருக்கும். அதற்கும் புதிய பிரேக் பெடலுக்கும் கிக்கர் இறங்கும் பாதைக்கும் மூன்றுக்கும் இடம் பார்த்து வளைக்க வேண்டும். கிக்கரைக் கையால் கீழ் வரை இறக்கிப் பார்த்து, பெடலில் இடிக்காமல் போகிறதா என்று உறுதிசெய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கிக்கர்_வலி:
இவ்வளவு இருக்கா? அப்போ அஞ்சு கியர் பாக்ஸையே தூக்கிப் போட்டா?

பழையபிஸ்டன்:
லெஃப்ட் ஷிஃப்டோடு வந்த ஐந்து கியர் பாக்ஸை காஸ்ட் அயர்ன் எஞ்சினுக்குப் பின்னால் பொருத்துகிறார்கள். கியர் விழும் தரத்தில் குறுக்குக் கம்பிக் கிட்டைவிட அது எவ்வளவோ மேல். பேட்டர்னும் கீழே ஒன்று, மேலே நாலு என்று வந்துவிடும். ஆனால் பாக்ஸ் மட்டும் மாறினால் போதாது. வலப்பக்கப் பிரேக் பெடலும் குறுக்கு ஷாஃப்டும் அப்போதும் வேண்டும். கிளட்ச் புஷ் ராடின் நீளம், கேபிளின் நீளம், ஸ்ப்ராக்கெட் பின் சக்கரத்தோடு நேர்க்கோட்டில் நிற்கிறதா, இவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு நீள இரும்புப் பட்டையைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தோடு ஒட்டிவைத்து முன் ஸ்ப்ராக்கெட்டைத் தொடுகிறதா என்று பார்த்தாலே செயின் நேர்க்கோடு தெரிந்துவிடும். ஒன்று போய்விடும்: ஐந்து கியர் பாக்ஸில் நியூட்ரல் ஃபைண்டர் கிடையாது.

வண்டியை அதன் அசல் வடிவத்துக்காக வாங்குபவர் என்றால் என் ஓட்டு ரைட் கியருக்கே. கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வைப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள். விற்கும்போது அவை இருப்பதில்லை.

சரிவுப்பாதை:
ரைட் கியருக்கு ஆதரவாக யாரும் சொல்லாத ஒன்று. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் ரோடு இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும். ஏற்றத்தில் நிற்கும்போது பின் பிரேக்கை இடது காலில் பிடித்து, வலது காலை ரோட்டின் மேட்டுப் பக்கம் ஊன்றலாம். குள்ளமானவர்களுக்கு அந்த இரண்டு மூன்று செ.மீ. பெரிய விஷயம். லெஃப்ட் கியர் வண்டியில் பிரேக் வலது காலில் இருப்பதால் ஊன்ற வேண்டியது இடது கால், அதுவும் பள்ளத்துப் பக்கம்.

சங்கிலிச்சத்தம்:
சரிதான், ஆனா ஊன்றுன வலது கால் மத்த வண்டிங்க போற பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும். பஸ் உரசிட்டுப் போற இடத்துல அது வசதியா? முன் பிரேக்கைப் பிடிச்சு நின்னா எந்தக் காலையும் ஊன்றலாமே. ஆக்ஸிலேட்டரையும் முன் பிரேக்கையும் ஒரே கையில ஆளத் தெரியணும், அவ்ளோதான்.

சரிவுப்பாதை:
பழைய டிரம் முன் பிரேக் இரட்டை லீடிங் ஷூ வகை என்றால், ஏற்றத்தில் பின்னோக்கி உருளும்போது பிடிப்பது மிகக் குறைவு. முன்னால் சுழலும்போது ஷூவைத் தானே இழுத்து இறுக்கும் அமைப்பு, பின்னால் சுழலும்போது ஷூவைத் தள்ளிவிடும். எனவே அப்படிப்பட்ட வண்டியில் ஏற்றத்தில் பின் பிரேக் தேவைதான்.

சங்கிலிச்சத்தம்:
ஒத்துக்கிறேன். அதை யோசிக்கல.

இரும்பு350:
மண்பாதையின் மூன்றாவது கேள்விக்கு வருவோம். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே எஞ்சின் கத்துவதைப் பொய் நியூட்ரல் என்பார்கள். ரைட் கியருக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பங்கு இதனால்தான். இது ரிப்பேர். மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் கிளட்ச். கிளட்ச் முழுசாக விடுபடாவிட்டால் எந்த கியர்பாக்ஸும் முரண்டு பிடிக்கும். லீவர் முனையில் 2 முதல் 3 மி.மீ. ஃப்ரீ பிளே இருக்க வேண்டும். பிறகு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் மெதுவாகச் சுற்றலாம்; பிரேக் பெடலை லேசாகத் தொட்டாலே நின்றுவிட வேண்டும். நிற்காமல் இழுத்தால் கிளட்ச் ஒட்டுகிறது. பிரைமரி கவரைக் கழற்றி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக இறக்கினால் பிரஷர் பிளேட் சுற்றுவதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு கோணலாகச் சுற்றினால் ஸ்பிரிங் ஸ்க்ரூக்களின் இறுக்கம் சமமில்லை. பின்தங்கும் பக்கத்து ஸ்க்ரூவை அரைத் திருகு தளர்த்திப் பாருங்கள்.

காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்சைப் பிடித்து இரண்டு மூன்று கிக் வெறுமனே அடித்தால், ஆயிலில் ஒட்டிய பிளேட்டுகள் பிரியும். முதல் கியர் "டமார்" என்று விழுவது நின்றுபோகும்.

அடுத்து பிரைமரி செயின். இன்ஸ்பெக்ஷன் ஓட்டை வழியாக விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக 6 மி.மீ. ஆட்டம். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. வையுங்கள். தளர்ந்த செயின் கியர் விழும் நேரத்தில் அடித்து உலுக்கும்.

இது இரண்டும் சரியாக இருந்தும் பொய் நியூட்ரல் வந்தால்தான் ஃபுட் கன்ட்ரோலை (வலப்பக்கக் கவருக்குள் கியர் மாற்றும் பாகங்கள்) தொட வேண்டும். லீவரின் பயணம் மேலும் கீழும் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஸ்டாப் பிளேட் அங்கே உண்டு, நீள ஓட்டையில் நகரும்படி. பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, இப்போது இருக்கும் இடத்தை ஊசியால் கீறிக் குறித்துவிட்டு, ஒரு நேரத்தில் 1 மி.மீ. மட்டும் நகர்த்துங்கள். இறுக்கி, ஒரு சிறிய ஓட்டம். கியர் கூட்டும்போது சரியாகி, குறைக்கும்போது கோளாறு தொடங்கினால் அளவு தாண்டிவிட்டீர்கள். பாதி தூரம் திரும்பி வாருங்கள். எந்த இடத்தில் வைத்தாலும் ஒரு பக்கம் தவறிக்கொண்டே இருந்தால் உள்ளே ராட்செட் நுனியோ, திரும்பும் ஸ்பிரிங்கோ, கியரை நகர்த்தும் ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது. அதற்கு மேல் வெளியிலிருந்து அட்ஜஸ்ட் செய்ய ஒன்றும் இல்லை, கவரைத் திறக்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை: மூன்றாவதில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று கொடுத்து, சட்டென்று மூடுங்கள். இரண்டு மூன்று முறை. கியர் குதித்தால் டாக் பல் தேய்ந்தது. அது அட்ஜஸ்ட்மென்ட் ஆகாது, விலையைப் பேசும்போது நினைவிருக்கட்டும்.

மண்பாதை:
மிக்க நன்றி இரும்பு அண்ணா. ஓட்டிப் பார்த்தபோது கியர் குதிக்கவில்லை, போடும்போது மட்டும்தான் தவறுகிறது. அப்படியானால் ரைட் கியராகவே வைத்துக்கொள்கிறேன். இரண்டு வண்டிக்கும் காலைப் பழக்க ஏதாவது முறை இருக்கிறதா? லீவர் உயரம் எவ்வளவு வைப்பது? இப்போது விரலை லீவருக்கு அடியில் நுழைக்கவே காலை ஃபுட்ரெஸ்டிலிருந்து தூக்க வேண்டியிருக்கிறது.

பழையபிஸ்டன்:
லீவர் உயரம்: ஃபுட்ரெஸ்டில் பாதத்தின் நடுவை வைத்து, குதிகாலைத் தூக்காமல் விரலை மேலும் கீழும் அசைத்தாலே லீவர் எட்ட வேண்டும். நீங்கள் ஓட்டும்போது போடும் ஷூவோடு பாருங்கள். செருப்புக்கு ஒரு உயரம், ஷூவுக்கு ஒரு உயரம். உங்கள் வண்டியில் லீவர் தாழ்ந்து நிற்கிறது, ஒரு பல் மேலே ஏற்ற வேண்டும். ஆனால் ஒரு பல் என்பது சின்ன அளவு இல்லை. 30 பல் உள்ள ஸ்பிளைனில் ஒரு பல் 12 டிகிரி, 150 மி.மீ. லீவரின் நுனியில் அது 31 மி.மீ. அது அதிகமாகிவிட்டால் ஃபுட்ரெஸ்ட் கோணத்தை மாற்றி மீதியைச் சரிக்கட்டுங்கள்.

லீவரைப் பாதி கழற்றிய நிலையில் மிதிக்க வேண்டாம், பல் உருளும். பிஞ்ச் போல்ட்டை முழுசாக உருவிவிட்டு லீவரைக் கழற்றுங்கள். ஏற்கெனவே உருண்டிருந்தால், லீவரின் வெட்டு மூடிக்கொண்டதா பாருங்கள். வெட்டின் இரு பக்கமும் தொட்டுக்கொண்டால் போல்ட் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. வெட்டை அரத்தால் அரை மி.மீ. அகலப்படுத்தினால் மறுபடி கவ்வும். ஷாஃப்டோடு சேர்த்து வெல்டு வைக்கச் சொல்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஆயில் சீல் வெந்துபோகும், அடுத்த முறை கவரைக் கழற்றவும் முடியாது.

இரும்பு350:
பழக்கத்துக்கு: ஆளில்லாத திடல், வண்டி நின்ற நிலையில் எஞ்சின் ஆஃப். "பிரேக்" என்று வாய்விட்டுச் சொல்லி இடது காலை அழுத்துங்கள், "கூட்டு" என்று சொல்லி வலது காலை மிதியுங்கள், "குறை" என்று தூக்குங்கள். வாயால் சொல்வது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் கால் தன் பழைய வழியில் போவதை அதுதான் தடுக்கிறது. அதன்பின் 15, 20 கி.மீ. வேகத்தில் நிறுத்துவதை மட்டும் பழகுங்கள். கியர் மாற்றுவது தானாக வந்துவிடும். ஆபத்தில் உதவப் போவது நிறுத்தும் பழக்கம்தான்.

எந்த வண்டியானாலும் அவசரத்தில் முதலில் முன் பிரேக், கூடவே கிளட்ச். இரண்டு கைகளின் வேலையும் இரண்டு வண்டியிலும் ஒன்றுதான், அதில் குழப்பம் இல்லை. நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. கை முந்திக்கொண்டால் கால் தவறினாலும் வண்டி நிற்கும். அதற்கு முன் பிரேக் நல்ல நிலையில் இருக்க வேண்டும். பழைய டிரம் வண்டியில் லைனிங், கேபிள் இரண்டையும் வாங்கிய அன்றே பாருங்கள்.

வண்டி மாறி ஏறும் ஒவ்வொரு முறையும், கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே பின் பிரேக் பெடலை மூன்று முறை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள். ஒரே நாளில் இரண்டு வண்டியையும் எடுப்பதை ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள். வேறு யாருக்காவது ஓட்டக் கொடுப்பதானால் டேங்கின் மேல் பேட்டர்னை ஸ்டிக்கராக ஒட்டுங்கள். வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம்.

கிக்கர்_வலி:
கணுக்கால்ல அடிபட்டவங்களுக்கு எது வசதி? என் சித்தப்பாவுக்காகக் கேக்கிறேன். இடது கணுக்கால் மேலே தூக்க வராது, அழுத்த வரும்.

லேத்துப்பட்டறை:
அப்படியானால் ரைட் கியர் புல்லட் அவருக்குப் பொருந்தும். இடது காலுக்கு அழுத்தும் வேலை மட்டும்தான். கிக்கர் வலப்பக்கம், வலது காலால்தான் அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டியின் எடையை இடது கால் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்காது என்றால் சென்டர் ஸ்டாண்டில் வைத்தே கிக் அடிக்கட்டும். லெஃப்ட் கியர் வண்டிதான் வேண்டுமென்றால் ஹீல்-டோ லீவர் போடுங்கள், தூக்குவதற்குப் பதில் குதிகாலால் அழுத்தினால் போதும்.

மண்பாதை:
கடைசியாக ஒன்று. பின் செயின் டைட் செய்யும்போது இந்த வண்டியில் பிரேக்கையும் தொட வேண்டுமா?

இரும்பு350:
கட்டாயம். சக்கரம் பின்னால் நகரும்போது டிரம்மும் கேம் லீவரும் சேர்ந்து நகரும், பிரேக் கம்பியின் நீளம் மாறாது. அதனால் செயினை இறுக்கினால் பிரேக்கும் தானே இறுகும், லைனிங் உரசி டிரம் சூடேறும். முதலில் பிரேக் கம்பியின் நட்டைச் சில திருகு தளர்த்துங்கள். பிரேக் பிளேட்டை ஸ்விங் ஆர்மோடு பிடிக்கும் நட்டையும், பிறகு ஆக்ஸில் நட்டையும் தளர்த்துங்கள். இரு பக்க ஸ்னெயில் கேமையும் (ஆக்ஸிலைப் பின்னால் தள்ளும் நத்தை வடிவத் தகடு) ஒரே எண்ணிக்கை பல் திருப்புங்கள். ஆக்ஸிலை இறுக்கும் முன் பிரேக் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஷூ டிரம்மின் நடுவில் உட்காரும், அந்த நிலையிலேயே ஆக்ஸில், அதன்பின் பிளேட் நட். கடைசியில் கம்பி நட்டை, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இறுக்கி, உரசல் கேட்கத் தொடங்கியதும் ஒன்று ஒன்றரைத் திருகு பின்வாங்குங்கள். பிரேக் லைட்டை எரியவிட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.